இருவருக்கு ஓர் இரவுச் சாப்பாடு: பெரம்பூர் வீட்டில் இரண்டு முயற்சிகள்

எங்கள் கல்யாண நாள் மே 24. சென்னையில் இருந்துகொண்டு, வீட்டிலேயே, இருவர் மட்டும் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறவர்களுக்கு இது கஷ்டமான தேதி. அக்னி நட்சத்திரம் இன்னும் முடிந்திருக்காது. மீன்பிடித் தடைக்காலம் பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகள் பகலில் தூங்கிவிட்டு இரவு பதினொன்று வரை விழித்திருப்பாள்.

இந்தத் தேதியில், அடுத்தடுத்து இரண்டு வருடங்கள், நானும் என் மனைவியும் வீட்டில் விருந்து வைத்துக்கொண்டோம். முதல் வருடம் 3,400 ரூபாய் செலவு. வயிறும் நிறையவில்லை, மனசும் நிறையவில்லை. சரியாகப் பேசிக்கொள்ளாமல் படுத்தோம். இரண்டாம் வருடம் 1,180 ரூபாய். அந்த இரவை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று எழுதி வைக்கத் தோன்றியது. கல்யாண நாளுக்கோ பிறந்தநாளுக்கோ வீட்டிலேயே ஏதாவது செய்யலாம் என்று யோசிக்கிற யாருக்காவது உதவும்.

வீடும் ஆட்களும்

பெரம்பூரில் லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பு. நாங்கள் முதல் மாடி. 640 சதுர அடிதான். ஏசி படுக்கையறையில் மட்டும். என் அம்மா எங்களுடன் இருக்கிறார், வயது 68. மகளுக்கு ஒன்பது வயது. நான் ஒரு கூரியர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைக்கிற அளவுக்குச் சமையல் வரும்.

என் மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். காலை டியூட்டி என்றால் ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், இரண்டு மணி வரை நின்றபடியே வேலை. மருந்து கொடுக்க, டிரிப் மாற்ற, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் கூடவே நடக்க. வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் நிற்க வேண்டும். அவள் நிற்கிற நேரத்தை நான் அதுவரை கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. முதல் வருடம் நான் செய்த தப்புகள் அத்தனைக்கும் அடியில் இருந்தது இதுதான்.

முதல் வருடம்: மொட்டை மாடி

மொட்டை மாடி யோசனை என்னுடையது. ஹாலில் அம்மா சீரியல் பார்ப்பார், மகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவாள். மாடியில் யாரும் இருக்க மாட்டார்கள், கடற்காற்று வரும், வானம் தெரியும். குடியிருப்புச் செயலாளரிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, வெள்ளைப் படுக்கை விரிப்பு, ஆறு மெழுகுவர்த்தி, ஒரு சீரியல் பல்புச் சரம் எல்லாவற்றையும் மேலே ஏற்றினேன். எங்கள் வாசலிலிருந்து மாடிக்கு 51 படி.

தக்காளி சூப், வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, கடையில் வாங்கிய பரோட்டா, கடையில் வாங்கிய சிக்கன் பிரியாணி, குலாப் ஜாமூன், ஐஸ்கிரீம். ஏழு அயிட்டம். இருவருக்கு ஏழு அயிட்டம் எதற்கு என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், கல்யாண நாளாச்சே என்றிருப்பேன்.

வஞ்சிரத்துக்காகச் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் வரை போனேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் முட்டையிடுகிற காலம். காசிமேட்டில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகில் வருவது கொஞ்சம்தான். மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் மே மாதம் அந்தப் பக்கத்து மீன் ஐஸ் பெட்டியில் இங்கே வருகிறது. விலையும் கூட, ஐஸில் கிடந்த நாளும் கூட. எனக்கு அன்றைக்கு விலை பெரிதாகத் தெரியவில்லை. நாலு துண்டு வாங்கினேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அவளுக்குக் காலை டியூட்டி. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தவள், நான் அடுப்படியில் திணறுவதைப் பார்த்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொன்னேன், ஆனால் அழுத்திச் சொல்லவில்லை.

ஏழரைக்கு மாடி ஏறினோம். பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட் தரை, செருப்பைத் தாண்டிச் சுட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கே நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். காற்றே இல்லை. மே கடைசியில் மேற்குக் காற்று ஓங்கி அடிக்கிற நாட்களில் கடற்காற்று தள்ளிப் போகும், சில நாள் உள்ளே வரவே வராது. சென்னைக்காரர்களுக்கு இது தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. எட்டரைக்குக் காற்று வந்தது. வந்த வேகத்தில் ஆறு மெழுகுவர்த்தியும் அணைந்தன.

இதெல்லாம் தாங்கக்கூடியதுதான். நான் சொல்ல வருவது வறுவல் நேரத்தை.

வஞ்சிரத்தைச் சுடச்சுடப் பரிமாற வேண்டும் என்று மசாலா தடவிக் கீழே வைத்திருந்தேன். சூப் குடித்ததும் வறுக்க இறங்கினேன். ஒரு பக்கம் நாலு நிமிடம், மறுபக்கம் மூன்று நிமிடம், கல் காய்வதற்கு நேரம், அப்புறம் படி. கால் மணி நேரம் அவள் பட்டுப்புடவையில், மாடியில், எதிரே காலி நாற்காலியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே கீழே வந்தாள்.

"நீங்க போய் உக்காருங்க. மீதி ரெண்டு துண்ட நான் போட்டு எடுத்துட்டு வரேன்."

நான் போனேன். இப்போது நான் மாடியில் தனியாக, எதிரே காலி நாற்காலி. கீழே அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள்.

எட்டே முக்காலுக்கு மகள் மேலே ஓடி வந்தாள். "பாட்டி இன்னும் சாப்பிடல. நீங்க வருவீங்கன்னு உக்காந்திருக்காங்க." அம்மாவிடம் நாங்கள் எதுவுமே சொல்லவில்லை. கூச்சத்தில், மாடியில் கொஞ்ச நேரம் காற்று வாங்கிவிட்டு வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தேன். மனைவி சட்டென்று எழுந்து கீழே போய், அத்தைக்கும் பாப்பாவுக்கும் சோறு போட்டு, அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட இருந்துவிட்டு வந்தாள்.

அதற்குள் இறால் தொக்கு மாடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டது. அவள் தொடவில்லை. சமைத்த பண்டம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, காற்றே 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம்தான் கணக்கு, இறால் என்றால் யோசிக்கவே வேண்டாம் என்றாள். 350 ரூபாய் இறால் குப்பைக்குப் போனது. பரோட்டா அப்பளமாகியிருந்தது. பிரியாணி ஆறியிருந்தது. ஐஸ்கிரீம் பத்தேகாலுக்குத் திறந்தபோது பாயசம். அதை ஒன்றும் செய்ய முடியாது என்பதால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். அஞ்சு நிமிடம் இருக்கும். பிறகு பாத்திரங்களை இறக்க ஆரம்பித்தோம்.

மறுநாள் நினைவிலிருந்து எண்ணிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்தில் நான் 14 முறை எழுந்திருக்கிறேன். அவள் ஆறு முறை. உப்பு, தண்ணீர், கரண்டி, தீப்பெட்டி, வறுவல், அம்மா.

ஒரு மாதம் கழித்துக் கேட்டது

ஜூன் கடைசியில் ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அன்னைக்கு உனக்கு எதுவுமே பிடிக்கலல்ல?"

கொஞ்சம் யோசித்தாள். "ஐஸ்கிரீம் உருகிப் போச்சே, அப்ப கொஞ்ச நேரம் உக்காந்திருந்தோமே. அது பிடிச்சுது."

அவள் மனதில் தங்கியது, நான் வாங்கிய எதுவும் இல்லை. செய்ய வேலை எதுவும் மிச்சமில்லாத அந்த ஐந்து நிமிடம் மட்டும். அந்த ஐந்து நிமிடத்தை ஒரு மணி நேரமாக்க வேண்டும். அடுத்த வருடத்துக்கு நான் வைத்துக்கொண்ட திட்டம் முழுக்க இந்த ஒன்றிலிருந்து வந்ததுதான்.

யோசித்துப் பார்த்தால், நம் வீடுகளில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டு முடிப்பது அபூர்வம். ஒருவர் பரிமாறுவார், ஒருவர் சாப்பிடுவார். சேர்ந்து உட்கார்ந்தாலும் ஒருவருடைய காது குக்கர் மேலேயே இருக்கும். ஓட்டலுக்குப் போனால் இந்தப் பிரச்சினை இல்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் ஓட்டலில் அடுத்த மேசைக்குக் கேட்காமல் பேச வேண்டும், வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்துச் சீக்கிரம் எழ வேண்டும். எனக்கு அவளை வீட்டிலேயே உட்கார வைக்க வேண்டும் என்று இருந்தது.

காலண்டர் தாள்

இந்த வருடம் ஏப்ரலில், தினசரி காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் அயிட்டங்களை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேரே, அதைச் சாப்பிட உட்கார்ந்த பிறகு எத்தனை முறை எழ வேண்டி வரும் என்று எழுதினேன். சூப்: சுட வைக்க ஒன்று, கிண்ணம் எடுத்து வைக்க ஒன்று. வறுவல்: மூன்று. தோசை: கணக்கே இல்லை, ஒருவர் அடுப்பிலேயே நிற்க வேண்டும். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் இடியாப்பம் ஆறினால் விறைத்துப் போகும், தேங்காய்ப்பால் இந்த வெயிலில் சீக்கிரம் புளிக்கும். அடித்தேன்.

கடைசியில் நான்கு மிஞ்சின. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல், சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, அதற்குத் தயிர்ப் பச்சடி, இளநீர் பாயசம். குடிக்க எலுமிச்சை பிழிந்த நன்னாரி சர்பத்.

சுண்டலுக்குக் காரணம் உண்டு. நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று முறைதான் வெளியே சந்தித்தோம், மூன்று முறையும் மெரினா. காந்தி சிலைக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்து, பேப்பர் பொட்டலத்தில் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல். அன்றைக்கு என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு பொட்டலம் நானே சாப்பிட்டேன். சுண்டல் ஆறினாலும் அதே ருசிதான், மதியமே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். மாங்காயை மட்டும் கடைசியில் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

பிரியாணிக்கு முதலில் இறால்தான் நினைத்தேன். பண்ணை இறால் தடைக்காலத்திலும் கிடைக்கும். ஆனால் இறால் வேக இரண்டு மூன்று நிமிடம் போதும், தம்மில் காத்திருந்தால் ரப்பர் ஆகிவிடும். ஆட்டுக்கறி நேர்மாறு. எலும்போடு உள்ள கறி மெதுவான சூட்டில் இருக்க இருக்க மிருதுவாகும். சீரகச் சம்பாவும் அப்படித்தான். அடுப்பை அணைத்த உடனே கிளறினால் குழையும், அரை மணி நேரம் தொடாமல் விட்டால் பொலபொலவென்று வரும். நாம் வரும்வரை காத்திருக்கக்கூடிய சாப்பாடு அது.

ஒரு வாரம் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை பார்த்தேன். அடி கனமான பாத்திரத்தில் தம் போட்டு ஏழு மணிக்கு அணைத்தேன். ஏழே முக்காலுக்குத் திறந்தால் ஆவி பறந்தது. மூடிவிட்டு எட்டேகாலுக்குத் திறந்தேன், கை வைத்துச் சாப்பிட ஏற்ற சூடு. அப்படியென்றால் ஏழரைக்கு உட்காரலாம், சுண்டலை நிதானமாகச் சாப்பிடலாம், பிரியாணியை எட்டு மணிக்கு மேல் திறந்தால் போதும்.

அம்மாவிடம் சொன்னது

இதற்குத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. போன வருடம் சொல்லாமல் செய்ததில் அம்மா பசியோடு காத்திருந்தார், மனைவி குற்ற உணர்ச்சியோடு படி இறங்கினாள். சொன்னால், பெற்ற தாயைத் தள்ளி வைப்பது போல ஆகுமோ என்று பயம்.

மே முதல் வாரத்தில், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கல்யாண நாள் அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று இருக்கிறோம், உங்களையும் பாப்பாவையும் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடட்டுமா என்று.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வருஷமே சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு ஏழு மணிக்கே சாப்ட்டுப் படுத்திருப்பேன். அந்தப் பொண்ணு புடவையோட படி ஏறி இறங்கினா, எனக்குப் பாக்கவே கஷ்டமா இருந்துது."

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். "உங்கப்பா சாப்ட்டு எழுந்த அப்புறம்தான் நான் தட்ட எடுப்பேன். கடைசி வரைக்கும் அப்படியே போச்சு." கீரைத் தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். "பிரியாணில எனக்கும் பாப்பாக்கும் ஒரு பங்கு எடுத்து வெச்சுடு. காலைல வந்து சாப்பிடறோம்."

அக்கா வீடு கொளத்தூரில். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு இருவரையும் விட்டுவிட்டு வந்தேன்.

வெளிச்சம், காற்று, பூ

மாடி வேண்டாம், ஹால்தான் என்று முடிவு செய்தேன். படுக்கையறையில் ஏசி இருந்தாலும் பிரியாணி வாசனையோடு தூங்க முடியாது. அதனால் மின்விசிறி. மின்விசிறிக்குக் கீழே மெழுகுவர்த்தி நிற்காது, விசிறியை நிறுத்தினால் நாம் நிற்க மாட்டோம். கண்ணாடிக் கூண்டு வைத்த சின்ன எண்ணெய் விளக்கு ஒன்று அம்மாவின் பரணில் இருந்தது. துடைத்துத் திரி போட்டேன். நடு வேகத்தில் விசிறி ஓடினாலும் சுடர் ஆடவில்லை.

விளக்கு மட்டும் போதாது, எலும்பு எது கறி எது என்று தெரிய வேண்டும். எங்கள் ஹால் டியூப்லைட் வெள்ளை வெளேரென்று இருக்கும், பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் அவளுக்கு வார்டு ஞாபகம்தான் வரும். 2700 கெல்வின் என்று போட்ட, மஞ்சள் கலந்த எல்இடி பல்பு ஒன்று வாங்கி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். முழுச் செலவிலும் நல்ல செலவு அது. இன்றைக்கும் அந்த பல்பு அங்கேதான் எரிகிறது.

மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, எதிரெதிரே உட்காராமல் ஒரு மூலையின் இரண்டு பக்கங்களில் நாற்காலி போட்டேன். இப்படி உட்கார்ந்தால் இருவருக்கும் விசிறிக் காற்று வரும், பாத்திரம் இருவர் கைக்கும் எட்டும். பக்கத்தில் முக்காலி. போன வருடம் எழுந்ததெல்லாம் சில்லறைச் சாமான்களுக்காகத்தான் என்பதால், முக்காலியில் தண்ணீர் ஜக், சர்பத் பிளாஸ்க், ஐஸ் டப்பாவில் பாயசம், உப்பு, கரண்டி, எலும்பு போட ஒரு தட்டு, ஈரத் துண்டு இரண்டு எல்லாம் ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிட்டன.

பூ விஷயத்தில் தெருமுனைப் பூக்காரம்மாவிடம் ஒன்று கற்றுக்கொண்டேன். காலையிலேயே மல்லி வாங்க நின்றவனிடம், "சாயங்காலம் வா கண்ணு, மொட்டாத் தரேன்" என்றார். மல்லி இரவில் மலர்கிற பூ. நாலரை மணிக்குக் கெட்டி மொட்டாக இரண்டு முழம் வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். ஏழு மணிக்கு அவள் தலையில் வைத்தபோது பாதி மொட்டு. எட்டரை மணிக்கு மேசையில் பிரியாணி வாசனையைத் தாண்டி அதன் வாசனை வந்தது.

சமையல்

பாயசம் முந்தின நாள் இரவே முடிந்தது. கடல்பாசியைத் தண்ணீரில் கரையும்வரை காய்ச்சி, இளநீரில் கலந்து தட்டில் ஊற்றினால் அறைச் சூட்டிலேயே உறையும். உறைந்த பிறகு 85 டிகிரி வாக்கில்தான் மறுபடி உருகும் என்பதால் சென்னை வெயில் அதை ஒன்றும் செய்யாது. வழுக்கையைப் பாதி அரைத்து, பாதி நறுக்கி, கெட்டித் தேங்காய்ப்பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்தேன். ஐஸ்கிரீமுக்கு அழுதவனுக்கு இது பெரிய ஆறுதல்.

ஞாயிறு காலை ஆறரைக்கே கறிக்கடை. எட்டு மணிக்கு மேல் போனால் வரிசை. இருவருக்கு 400 கிராம் போதும், காலைப் பங்குக்கும் சேர்த்து 700 வாங்கினேன், தொடைக்கறியும் கொஞ்சம் நெஞ்செலும்பும். அரிசி 400 கிராம்.

ஐந்து மணிக்குத் தொடங்கினேன். பட்டை, கிராம்பு, ஏலக்காய், நிறையச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, புதினா, கொத்தமல்லி, தயிர். கறியைக் குக்கரில் ஐந்து விசில். சீரகச் சம்பா 20 நிமிடம் ஊறினால் போதும். கறி வெந்த சாற்றையும் சேர்த்து, ஒரு கப் அரிசிக்கு ஒன்றே முக்கால் கப் நீர். தண்ணீர் வற்றி அரிசி தலைகாட்டியதும் தோசைக்கல்லை அடியில் வைத்து, மூடி மேல் கனம் ஏற்றி, சின்னத் தீயில் கால் மணி நேரம். ஏழு மணிக்கு அணைத்தேன். காலைப் பங்கை மட்டும் கிளறாமல் மேலாக எடுத்து, அகலத் தட்டில் பரப்பி ஆற வைத்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்கு அனுப்பினேன். அடுப்படியைத் துடைத்து, குக்கரைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்படியில் பாத்திரம் கிடந்தால் அவள் கண் அங்கேயே போகும் என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதியம் முழுக்க அவள் தூங்கினாள். ஒரு மாதம் முன்பே சக நர்ஸ் ஒருவரிடம் பேசி அன்றைக்கு வீக்லி ஆஃப் மாற்றிக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொள், ஐந்தரைக்கு முன்னால் அடுப்படிப் பக்கம் வரவே கூடாது என்று இந்த முறை அழுத்திச் சொன்னேன். ஐந்தே முக்காலுக்கு எழுந்து வந்து, "வாசனை எழுப்பிடுச்சு" என்றாள். அந்த மூன்றரை மணி நேரத் தூக்கம்தான் அன்றைய சமையலில் முக்கியமான பொருள் என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று இரவு

ஏழு முப்பத்தைந்துக்கு உட்கார்ந்தோம். சுண்டலைப் பழைய பேப்பர் பொட்டலத்தில் கட்டித்தான் கொடுத்தேன், உள்ளே வாழையிலைத் துண்டு வைத்து. பிரித்துப் பார்த்து ஒரு நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அன்னைக்கு நீங்க என் பொட்டலத்துலேர்ந்தும் எடுத்தீங்க" என்றாள். எனக்கு அது நினைவில் இல்லை. அவளுக்கு இருந்தது.

எட்டு பத்துக்குப் பிரியாணியைத் திறந்தேன். பாத்திரம் மேசையிலேயே இருந்தது, உட்கார்ந்தபடி கரண்டி போட்டேன். அவள் வழக்கப்படி எழுந்து எனக்குப் பரிமாறப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவரவர் போட்டுக்கொண்டோம். கறி எலும்பிலிருந்து கழன்று வந்தது. உப்பு ஒரு கல் குறைவு, உப்பு முக்காலியில் இருந்தது.

நடுவில் ஒரே ஒரு முறை எழுந்தேன், கீழ் வீட்டுப் பையன் தண்ணீர் மோட்டார் பற்றிக் கேட்க மணி அடித்தபோது. அவள் எழவே இல்லை.

எட்டரை மணிக்கு மேல், பேச்சு மகளின் பள்ளிக்கூடம், அக்கா வீட்டுக் கல்யாணப் பேச்சு என்று சுற்றிவிட்டு ஓய்ந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. போன வருடமாக இருந்தால் அந்த இடைவெளியில் யாராவது ஒருவர் எழுந்து ஏதாவது எடுக்கப் போயிருப்போம். எடுக்க எதுவும் இல்லாததால் உட்கார்ந்தே இருந்தோம்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுட்டு இருக்கேன்" என்றாள்.

அவள் படித்தது டிப்ளமோ நர்சிங். மேலே போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படிக்க ஆசை. இரண்டு வருடப் படிப்பு. கூடப் படித்தவர்கள் முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போய்விட்டார்கள், நாள் முழுக்க நிற்க வேண்டிய வேலை இல்லை. ஆனால் இரண்டு வருடம் சம்பளம் நிற்கும், அத்தைக்கு மாத்திரைச் செலவு, பாப்பா ஃபீஸ், எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள். ஃபீஸ் விவரம்கூட எழுதி, போனில் படமெடுத்து வைத்திருந்தாள். காட்டினாள். நான் கணக்குப் பார்க்கிறவன், இடது கையால் போனை வாங்கி அங்கேயே கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நகைக்கடன் ஒன்று டிசம்பரில் முடிகிறது. அதற்கப்புறம் முடியாதது இல்லை என்று தோன்றியது. அதைச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கி, மசாலாக் கை என்று ஞாபகம் வந்து, தோள்பட்டையில் துடைத்துக்கொண்டாள்.

பாயசத்தை இடது கையால் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டோம், கை கழுவப் போக மனமில்லாமல். மணி ஒன்பதே முக்கால். அப்போதுதான் என் விரல்களைப் பார்த்தேன். பிரியாணி நெய்யும் மசாலாவும் காய்ந்து, நகக்கண்ணில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட கை காயக்கூடாது என்று அம்மா இருந்திருந்தால் எப்போதோ எழுப்பியிருப்பார். அவள் கையும் அப்படியே காய்ந்திருந்தது. முக்காலியில் ஈரத் துண்டு மடித்தபடியே இருந்தது.

"எழுந்துக்கலாமா?" என்றேன்.

"இருங்க" என்றாள்.